வரி தள்ளுகிறவள்

முதல் வரி தப்பாமல் விழுந்துவிட்டது. படத்தில் அந்தக் கிழவன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததும், திரைக்குக் கீழே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ‘இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்’ என்று தமிழ் வந்து நின்றது. அமலோற்பவம் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். ஒன்று ஆயிற்று. இன்னும் எத்தனை நூறு வரி கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது, நினைத்தால் பயம் வரும், பயம் வந்தால் விரல் நடுங்கும், விரல் நடுங்கினால் அது எதனால் நடுங்கியது என்று வேறு யோசிக்க வேண்டியிருக்கும். பாளையங்கோட்டையில் இந்தச் சின்னத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஃபிலிம் சொசைட்டி படம் போடுகிறது. இந்த மாதம் முழுக்கப் போலந்து நாட்டுப் பழைய படங்கள். படம் வரும்போது அதில் ஒரு எழுத்தும் இருக்காது. வசனத்தின் இங்கிலீஷ் மட்டும் தனியாக வரும். அதைத் தமிழாக்குகிறவள் அவள், மேடையோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆள் பேசப் பேச ஒவ்வொரு வரியாகத் தட்டிவிடுகிறவளும் அவள்தான். வரி தள்ளுவது என்று அதற்கு சொசைட்டியில் பெயர். கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து தள்ளுகிறாள். போலிஷில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வீட்டில் படத்தை ஓட்டி ஓட்டி, எந்த முனகலுக்குப் பிறகு எந்த வரி, எந்த இருமலுக்குப் பிறகு எது என்று காதில் ஏற்றிவைத்துக்கொள்வாள். காது ஒருநாளும் மோசம் செய்ததில்லை. செய்ததில்லைதானே?

இன்றைக்கு ஒரு பந்தயம் வைத்திருந்தாள், தனக்கும் தனக்கும். இந்தப் படம் முடிகிறவரை ஒரு வரி பிசகாமல் தள்ளிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. பிசகினால் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று பெயர் சொல்ல மாட்டாள், மனசுக்குள்ளேகூடச் சொல்ல மாட்டாள். மாதாவிடம் வேண்டிக்கொள்ளலாம் என்றால் மாதா என்ன விஷயம் என்று கேட்பாளே, அதற்காகவே வேண்டாமல் இருந்தாள். ‘குதிரைக்குக் குளிர்கிறது’ என்று கிழவி சொல்ல, தட்டினாள், விழுந்தது. ‘குதிரைக்குக் குளிராது, உனக்குத்தான் குளிர்கிறது’, விழுந்தது. கிழவனும் கிழவியும் பஞ்சகாலத்தில் இருக்கிற ஒரே குதிரையை விற்கச் சந்தைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. பனியில் வண்டி போய்க்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு கிடையாது, சக்கரம் அரைக்கிற சத்தம் மட்டும். பேச்சு இல்லாத இடம்தான் ஆபத்து. பேச்சு இல்லாத இடத்தில் செசிலி அக்கா வந்துவிடுவாள்.

செசிலி அக்கா தூத்துக்குடியில் இருக்கிறாள், இருக்கிறாள் என்றால் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். முதலில் கறிவேப்பிலைதான் போனது. அந்தப் பச்சையை எடு, அந்தப் பச்சை என்று மருமகளிடம் கைகாட்டினாளாம், எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். பிறகு குழம்பில் இரண்டு தடவை உப்பு. ஒரு தடவைதான் போட்டேன் என்று மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு கோயிலுக்குப் போய்விட்டு வீடு தெரியாமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். போன பெரிய நோன்பில் அமலோற்பவம் பார்க்கப் போனபோது, அக்கா கைகூப்பி எழுந்து நின்று, "வாங்க சிஸ்டர், நீங்க எந்த மடம்?" என்றாள். கூடப்பிறந்த தங்கையைக் கன்னியாஸ்திரீ ஆக்கிவிட்டாள். திரும்பி வந்து அதை ஒரு வேடிக்கைபோல வீட்டுக்காரர் சவேரிராயனிடம் சொல்லிச் சிரித்தாள் அமலோற்பவம், அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அது ஆரம்பித்த வயசு எது? இப்போது தன் வயசு எது? இந்தக் கணக்கை மட்டும் போடக்கூடாது. கிழவன் இருமினான். இருமலுக்குப் பிறகு வரி. தட்டினாள். ‘ஆறு உறைந்துவிட்டது, பாலம் தேவையில்லை.’ விழுந்தது, சரியாக விழுந்தது. பின்னால் யாரோ நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் தாழ்ப்பாள் இருக்கிறதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம், "ஏங்க, அந்தக் கதவுல போடுற இதைப் போட்டுட்டு வாங்க" என்றாள். அந்த இது. வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்று, உள்ளே திரும்பிப் போய்விட்டது. "தாழ்ப்பாளா?" என்றார் சவேரிராயன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லாருக்கும் ஒரு வார்த்தை மறக்காதா, யாருக்கு மறக்கவில்லை, சொசைட்டி செயலாளர் கோமதிநாயகம் மைக்கில் பேசும்போது வரவேற்க வேண்டிய ஆளின் பெயரையே மறந்து முழிக்கவில்லையா? அது பெரிசில்லை. பெரிசு என்னவென்றால் சவேரிராயன் கேலி செய்யவில்லை. தோசை ஓரம் கொஞ்சம் கருகினால் அதற்கு ஒரு வாரம் பேச்சு வைத்திருக்கிற மனுஷன், மின்வாரியத்தில் முப்பது வருஷம் எல்லாரையும் வம்புக்கு இழுத்தே காலத்தை ஓட்டின மனுஷன், இங்கிலீஷ் டீச்சருக்குத் தாழ்ப்பாள் தெரியவில்லை என்றால் சும்மா விடுவாரா? விட்டுவிட்டார். எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து அதே பக்கத்தைப் படித்தார்.

திரையில் கிழவி வண்டியில் உட்கார்ந்தபடி செபமாலையை உருட்டத் தொடங்கினாள். இதற்கு வரி கிடையாது. செபத்தை மொழிபெயர்க்க வேண்டாம் என்று அவளே விட்டுவிட்டாள், கேட்டாலே தெரியுமே. போலிஷ்தான், ஆனால் ஏற்ற இறக்கம் அதேதான், எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே இங்கேயும் மூச்சு வாங்கும். தன்னை அறியாமல் உதடு கூடவே போயிற்று. இது போகாது, இது எங்கேயும் போகாது, அக்காவுக்குக்கூட இது இன்னும் போகவில்லை, பிள்ளைகளைத் தெரியாதவளுக்குச் செபமாலை முழுசாகத் தெரிகிறது. அப்படியானால் செபமாலை தெரிவது ஒரு சாட்சியே இல்லையே! வேறு ஏதாவது வேண்டும். கடைசியாகப் பாடம் எடுத்த பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைகள்: சங்கரவடிவு, ஜெனோவா, மும்தாஜ், அப்புறம் ஜன்னலோரம் தலையில் எண்ணெய் வழிய ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, கணக்குப் பேப்பரில் படம் வரைவாளே. பெயர்? முகம் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, பெயர் இல்லை. போன வாரம் இருந்ததா? போன வாரம் தேடிப் பார்த்தோமா? தேடாமல் எப்படித் தெரியும்? தேடத் தேடத்தான் இல்லாதது எல்லாம் தெரியவருகிறது. இதற்குள் வண்டி சந்தைக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

சந்தையில் பேச்சு அதிகம், மூச்சு விட நேரமிருக்காது. நல்லதுதான். தொப்பி போட்ட வியாபாரி குதிரையின் வாயைப் பிளந்து பல் பார்த்தான், தட்டினாள். கிழவன் ஏதோ முனகினான், தட்டினாள். வியாபாரி வயசைக் கேட்கிற இடம் வந்தது. ஒரே ஒரு தட்டு, வழக்கம்போல, பட்டும் படாமலும். துணியில் விழுந்த வரி: ‘அது என் மனைவிக்குத்தான் தெரியும்.’ வியாபாரியின் வாயில் கிழவன் சொல்ல வேண்டிய பதில். கேள்வியைக் காணோம், ஒரு வரியைத் தாண்டிக் குதித்துவிட்டது. ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்தது, சின்னதுதான், ஆனால் அவளுக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. முந்தின வரிக்குத் திரும்ப, மேலே ஒரு தட்டு தட்டினாள். ஒன்று மேலே போக வேண்டியது இரண்டு போயிற்று: ‘பல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.’ கிழவி அதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள். கீழே, கீழே. கிழவியின் வாயில் வியாபாரி பேசினான், வியாபாரியின் வாயில் குதிரையே பேசியிருக்கும் இன்னும் கொஞ்சம் விட்டால். எப்படியோ ஒரு இடத்தில் வாயும் வரியும் சேர்ந்துகொண்டன. சிரிப்பு அடங்கிவிட்டது.

ஒரு தடவைதான் தட்டினேன். ஒரு தடவைதான். அதை நினைத்ததுமே அக்காவின் குரல் கேட்டது, ஒரு தடவைதான் போட்டேன், ஒரு தடவைதான் போட்டேன். அக்காவும் பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்து ஒரு தடவைதான் போட்டாள். இரண்டாவது தடவை போட்டது அவளுக்குத் தெரியாது, அதுதானே வியாதி. விரலைப் பார்த்தாள். லேப்டாப் வெளிச்சத்தில் விரல் யாருடையதோ மாதிரி இருந்தது. நீ ரெண்டு தட்டு தட்டினாயா? என்னிடம் சொல்லாமல் தட்டினாயா? பந்தயம் தோற்றுப்போயிற்று. இல்லை, இது முழுத் தோல்வி இல்லை, ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும், எந்தப் பரீட்சையிலும் ஒரு சந்தர்ப்பம் உண்டு; இனிமேல் முடிகிறவரை பிசகாவிட்டால் ஒன்றும் இல்லை. சொல்லி முடிக்கவில்லை, சாராயக் கடைக் காட்சியில் மறுபடியும் அதே கதி. கிழவனின் கேள்வி வராமலே கடைக்காரியின் பதில் வந்து நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காதது இன்னும் பயமாக இருந்தது. கோமதிநாயகம் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? டீச்சருக்கு என்ன ஆச்சு என்று பக்கத்தில் குசுகுசுக்கிறாரா? விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், எடுத்தோம் என்ற நினைப்புகூட இல்லாமல். கிழவன் குடித்த காசை மேஜையில் வைத்துவிட்டு ஏதோ சொன்னான். அந்த வரி வரப்போவதில்லை. வராமல் போகட்டும், எல்லாம் போகட்டும்.

வரி வந்தது. ‘எங்கள் குதிரைக்குப் பெயர் வைக்கவில்லை’ என்று துணியில் எழுத்து பளிச்சென்று வந்து நின்றது. கடைக்காரி பேசினாள், அவள் வரியும் வந்தது. அமலோற்பவம் குனிந்து மடியைப் பார்த்தாள். இரண்டு கையும் அங்கேதான் இருந்தன, ஒன்றை ஒன்று பிடித்தபடி. நான் இல்லை! சத்தம் போட்டுச் சொல்லாத குறைதான். நான் இல்லை, நான் தட்டவில்லை, லேப்டாப்புக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது, எனக்கில்லை! நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு தடவைதான் தட்டினேன், ஒரு தடவைதான், சத்தியமாக ஒரு தடவைதான். வேறு யாரோ கூடவே தட்டியிருக்கிறார்கள், அதனால்தான் இரண்டாகப் போயிற்று. லேப்டாப்பின் விலாவைத் தடவிப் பார்த்தாள். நகத்தளவு ஒரு துண்டு செருகியிருந்தது. கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்கள் தூரத்தில் நின்றபடியே திரையை மாற்றுவதற்குச் சின்ன ரிமோட் வைத்திருப்பார்களே, அதனுடைய துண்டு. லேப்டாப்பை எடுத்துவைத்து வயர் மாட்டிக்கொடுத்தது கோமதிநாயகம். அப்படியானால் ஹாலில் யார் கையிலோ அந்த ரிமோட் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை வந்து உட்காருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. எதற்காக?

எதற்காக என்னோடு இன்னொருத்தர் தட்ட வேண்டும்? நான் ஒழுங்காகத் தட்டுகிறேன் என்றால் எதற்கு? சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடி இருந்தாள். வரி வந்துகொண்டே இருந்தது, ஒன்றுகூடப் பிசகவில்லை, இருமலுக்குப் பிறகு ஒன்று, முனகலுக்குப் பிறகு ஒன்று. இந்த இருமலெல்லாம் ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? வீட்டில் அவள் படத்தை ஓட்டி ஓட்டிப் பழகும்போது பின்னால் நாற்காலியில் பூண்டு உரித்துக்கொண்டோ பல் குத்திக்கொண்டோ உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். உனக்கு வேற வேலை இல்லையாட்டி, இந்தச் சோகப் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுதே என்று சலித்துக்கொண்டே எழுந்து போகாமல் இருந்த, ஒவ்வொரு படத்துக்கும் கூடவே வந்து ஹாலில் உட்காருகிற ஆள். போன மாதம் ஹங்கேரிப் படம், அதற்கு முந்தின மாதம் வேறு படம், எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது டீச்சர் ஒரு வரி தப்பவில்லை, டீச்சரை அடிச்சிக்க ஆள் கிடையாது என்று கோமதிநாயகம் சொன்னாரே, அப்போதெல்லாம் எத்தனை வரி அவளுடையது? தப்பியது அவளுக்குத் தெரியவே இல்லையே! தெரிந்திருந்தால் அல்லவா பயந்திருக்கலாம். இத்தனை நாள் தவறான இடத்தில் நின்று பயந்துகொண்டிருந்திருக்கிறோம், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரப் பிள்ளையின் பெயரைப் பிடித்துக்கொண்டு. வீட்டில்? வீட்டில் வேறு எதையெல்லாம் இவர் கூடவே தட்டிக்கொண்டிருக்கிறார்? கேஸ் அடுப்பு எப்போதும் அணைந்தே இருக்கிறது. குழம்பில் உப்பு எப்போதும் சரியாக இருக்கிறது. நான் சமைத்ததுதானா அது? பிரஷர் மாத்திரை டப்பாவில் அந்தந்த நாள் குழி அந்தந்த நாள் காலியாகிவிடுகிறது. அதை நினைக்க நினைக்க நாற்காலி தனக்குக் கீழே இல்லாததுபோல இருந்தது. அவள் இதற்கு முன்னால் இப்படிப் பயந்ததே இல்லை.

குதிரையை விற்றுவிட்டுக் கிழவனும் கிழவியும் நடந்தே வீடு திரும்புகிறார்கள். நெடுநேரம் பேச்சு கிடையாது, பனி மட்டும். அவள் திரும்பிப் பார்த்தாள். ஓரத்து நாற்காலியில் சவேரிராயன், திரை வெளிச்சம் முகத்தில் அடிக்க, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், உதடு லேசாக அசைந்தது, அடுத்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார்போல. தொடைமேல் வலதுகை. கட்டைவிரல் தூக்கியே இருந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம். பிறகு அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்ப்பதைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கை மடியில் இருந்தபடியே இருந்தது, எடுத்துப் பொத்தானில் வைக்கத் தோன்றவில்லை. திரையில் கிழவனும் கிழவியும் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிழவன் ஏதோ கேட்டான். துணி வெறுமனே இருந்தது. கிழவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். துணி வெறுமனேதான் இருந்தது. படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். "நீ பாத்துட்டன்னு தெரிஞ்சதும் ரிமோட்டைப் பையில போட்டுட்டேன். இனிமே நீயே தள்ளிக்கிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் நீங்க தள்ளுவீங்கன்னு இருந்துட்டேன்."

இரண்டு பேரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடை பொன்னுசாமி, ஒரு படம் விடாமல் வருகிறவர், குடையை இடுக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். "டீச்சர், கடைசில அடுப்புப் பக்கம் உக்காந்து ரெண்டு பேரும் என்னமோ பேசிக்கிட்டாங்களே, அது மட்டும் வரலியே. என்ன சொன்னாங்க?"

சவேரிராயன் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "நான் சொல்லுதேன். கெழவன் கேப்பான், குதிரைக்குத் தண்ணி காட்டிட்டியான்னு."

"குதிரையத்தான் வித்தாச்சே!"

"ஆமா. பழக்கத்துல கேட்டுருதான்."

"அதுக்கு அவ என்ன சொல்லுதா?"

என்ன சொன்னாள்? சின்ன வார்த்தை, வீட்டில் அதை மட்டும் எத்தனை முறை அடித்து எழுதியிருப்பாள். காட்டியாச்சு என்று சொன்னாளா? குதிரைதான் இல்லையே என்று சொன்னாளா? இரண்டும் அந்தக் கிழவி சொல்லக்கூடியதுதான். இரண்டும் அவள் முகத்துக்குப் பொருந்தின. ஒன்றை எழுதினேன், ஒன்றை அடித்தேன். எதை அடித்தேன்? பொன்னுசாமி காத்துக்கொண்டிருந்தார், குடைக் கம்பியைத் தடவிக்கொண்டு.

"காட்டியாச்சுன்னு சொல்லுதா" என்றாள்.

"அடப் பாவமே" என்றார் பொன்னுசாமி. இரண்டு தடவை அதையே சொல்லிக்கொண்டு போனார்.

ஹால் காலியாகிவிட்டது. மேலே யாரோ மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். "சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்ன."

யோசிக்காமல் வந்த பதில். எதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி போடாமல் ஒத்துக்கொள்ளாத மனுஷன். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் சொன்ன சரியையெல்லாம் அவள் நம்பித்தான் வந்திருக்கிறாள், ஏனென்றால் பொய் சொல்லத் தெரியாது அவருக்கு, சொன்னால் காது சிவந்துவிடும். காதைப் பார்த்தாள். பாதி விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் கடைசி வரி இருக்கும். அவர் அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அவளும் தடுக்கவில்லை.

"குதிரைதான் இல்லையேன்னு நான் சொல்லியிருந்தாலும், சரின்னுதான் சொல்லியிருப்பீங்க, இல்லையா?"

சவேரிராயன் பையைக் கீழே வைத்தார். மேஜைக்கு அடியில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குனிந்து எடுத்து, இடது எது வலது எது என்று பார்த்து, மாறிவிடாமல் அவள் காலுக்கு நேராக வைத்தார். எது இடது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் தெரியும்.